தெற்குத் தெரு, ஹாலந்து

இந்தப் படத்தில் கொசு இல்லை. சந்தில் சாக்கடை ஓடுகிறது, பீப்பாய் நிறையத் தண்ணீர் நிற்கிறது, வாசற்படியில் ஒருத்தி தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருக்கிறாள், ஒரு தடவைகூடக் கையை ஓங்கிக் கொசு அடிக்கவில்லை. ஹாலந்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். இல்லை, வரைந்தவன் கெட்டிக்காரனோ என்னவோ. தனக்கு வேண்டாததையெல்லாம் தூரிகை நுனியிலேயே விரட்டிவிட்டிருக்கிறான். நாளைக்கு என்னையும் அப்படித்தான் ஒரு தெருவை விரட்டச் சொல்கிறார்கள். எனக்குத் தூரிகைகூட வேண்டாம், வாய் போதுமாம்.

அம்சவல்லி இதை நினைத்தாளே தவிரச் சொல்லவில்லை. பஞ்சநதம் பண்ணையின் வீட்டில் அவள் நினைப்பதற்குத் தடை இருந்ததே கிடையாது. அவள் நினைக்கக்கூடியவள் என்று யாருக்கும் தோன்றாததால் தடை போட அவசியம் ஏற்படவில்லை.

"என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்குல்ல?" என்றார் ஊஞ்சலில் இருந்த கணவர்.

"இருக்குங்க."

"சொல்லு பாப்போம்."

"அது என் சீதன நிலம். அங்க எப்பவும் நெல்லடிக்கிற களந்தான். குடியிருந்தவங்க யாரும் கிடையாது."

"குடியிருந்தவங்க எப்பவும் கிடையாது. 'எப்பவும்' ரெண்டு தடவை வரணும். ஒண்ணு களத்துக்கு, ஒண்ணு குடிக்கு. அப்புறம், குரல் கொஞ்சம் தெம்பா இருக்கட்டும். சொந்தக்காரி மாதிரி சொல்லு."

"சொந்தக்காரிதானேங்க?"

பஞ்சநதம் ஊஞ்சலைக் காலால் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். மனைவி விளையாட்டாகப் பேசுகிறாளா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. ஊஞ்சலை மறுபடி உந்திவிட்டார்.

சொந்தக்காரிதான். அவளுக்குக் கல்யாணமான காலத்தில் அவள் அப்பா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வெண்கலப் பானையும் இரட்டை வடச் சங்கிலியும் ஒரு கறவை மாடும் அனுப்பிவைத்தார். நிலம் என்று ஒரு சாண் கிடையாது. அரசாங்கம் ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளும் நிலத்தின் அளவைக் குறைத்ததும், பெண்களின் சீதன நிலத்தை மட்டும் தனிக் கணக்காக விட்டுவைத்ததும், இருபது வருஷம் தாமதமாக அவளுக்குச் சீதனம் வந்து சேர்ந்தது. அதுவும் புருஷன் வீட்டு நிலமாகவே வந்தது. உலகத்தில் எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்? வாய்க்காலுக்குத் தெற்கே உள்ள பூமி அத்தனையும் அவள் பெயரில் பட்டா ஆனது. பண்ணையில் வேலை செய்கிறவர்கள் குடியிருந்த தெற்குத் தெருவும் அதற்குள் அடக்கம்.

பிறகு அதே அரசாங்கம் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. மிராசுதாரர் நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு காலங்காலமாக இருக்கிறவர்களுக்கு அந்த மனைக்கட்டு சொந்தம். பஞ்சநதம் கணக்குப் போட்டுப் பார்த்தார். மனைக்கட்டு போனால் போகிறது, அது பெரிய பூமி இல்லை. ஆனால் சொந்த மனையில் குடியிருக்கிறவன் காலையில் கூப்பிட்ட குரலுக்கு வருவானா? கூலி போதாது என்பவனை 'மனையைக் காலி பண்ணுடா' என்று சொல்ல முடியுமா? அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் மூன்று தலைமுறையாகக் குறுவையும் தாளடியும் களம் வந்து சேர்ந்திருந்தன.

விசாரணைக்கு நாளைக்கு அதிகாரி வருகிறார். நிலத்துக்காரி என்ற முறையில் அம்சவல்லி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தெற்குத் தெரு என்று ஒன்று இருந்ததே இல்லை.

படத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

அரசாங்கம் ஒரு சமயம் விவசாயிகள் குழு ஒன்றை ஹாலந்துக்கு அனுப்பியது. கடலுக்குக் கீழே கிடக்கிற நிலத்திலிருந்து அந்த ஊர்க்காரர்கள் எப்படித் தண்ணீரை வடிக்கிறார்கள் என்று பார்த்துவந்தால், வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்கு உதவும் என்று யோசனை. குழுவில் இருந்தவர்களில் யாரும் கடைசியாக எப்போது வயலில் கால் வைத்தார்கள் என்பது அவர்களுக்கே ஞாபகமில்லை. அங்கே போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. பஞ்சநதத்தின் பரம்பரை மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத பரம்பரை. அவர் ஒதுங்கினது ஓவியங்கள் வைத்திருக்கும் மாளிகையில். உள்ளே போகும்போது மிராசுதாரர், வெளியே வரும்போது ரசிகர். தண்ணீர் வடிக்கிற வித்தையை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு படத்தின் அச்சுப் பிரதியைக் குழலில் சுருட்டி எடுத்துவந்தார்.

படத்தில் ஒரு பழைய செங்கல் வீடு. வெள்ளையடித்த கீழ்ச்சுவர், விரிசல் விட்ட மேல்சுவர். கதவு திறந்திருக்க, வாசலில் ஒருத்தி மடியில் துணியை வைத்துத் தைக்கிறாள். பக்கத்துச் சந்தில் ஒருத்தி பீப்பாயின் மேல் குனிந்திருக்கிறாள். இரண்டு குழந்தைகள் நமக்கு முதுகைக் காட்டித் தரையில் ஏதோ விளையாடுகிறார்கள். மேலே மேகம். அவ்வளவுதான்.

"இதுல என்ன நடக்குது?" என்று வருகிறவர்களிடம் கேட்பார் பஞ்சநதம்.

வந்தவர் குற்றவாளி மாதிரி விழிப்பார்.

"ஒண்ணுமே நடக்கல. அதுதான் கலை. சாதாரணத் தெரு, சாதாரண ஜனம், அவங்க அவங்க பாட்டுக்கு வேலையைப் பாக்கறாங்க. என்ன ஒரு அமைதி."

உர வியாபாரிக்கு இது முதல் தடவையிலேயே புரிந்தது. அவருக்குப் பண்ணையிலிருந்து பாக்கி வரவேண்டியிருந்தது. ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர் கோவிந்தராசுக்கும் புரிந்தது. தேர்தலுக்கு முன்பு மேடையில் பஞ்சநதத்தை 'நிலமுதலை' என்று விளித்தவர் அவர். பஞ்சநதம் துண்டின் கரையை மாற்றிக்கொண்ட பிறகு முதலை அண்ணனாகிவிட்டது.

"சமதர்மம்னா இதாண்ணே," என்றார் கோவிந்தராசு படத்தைப் பார்த்து. "ஒருத்தி தைக்கிறா, ஒருத்தி வாசக் கழுவுறா. கொடி இருக்கா? கோஷம் இருக்கா?"

கிழக்கே ஓர் ஊரில் கூலி கேட்டவர்களின் குடிசைகளோடு மனிதர்களும் எரிந்துபோய் மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் வட்டாரத்து மிராசுதாரர்கள் எல்லோருக்குமே அமைதி மிகவும் பிடித்துப்போயிருந்தது. பஞ்சநதம் மட்டும்தான் அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்.

கதவிடுக்கில் காப்பித் தட்டோடு நிற்கும் அம்சவல்லி ஒன்றைக் கவனித்திருந்தாள். வருகிறவர்கள் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்க்கிற அவள் கணவரைப் பார்ப்பார்கள். அவர் படத்தைப் பார்க்காமல், தன்னைப் பார்க்கிறவர்களைப் பார்ப்பார். ஆக மொத்தம் அந்தத் தையல்காரியை யாரும் தொந்தரவு செய்யவில்லை. எல்லோரும் போன பிறகு டம்ளர் எடுக்க வருகிறவள்தான் அதன் முன்னால் கொஞ்சம் நிற்பாள். படத்தில் ஆம்பிளையே இல்லை என்று அவளுக்குத்தான் தெரியும். அந்த அமைதிக்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்று தோன்றும். சிரிப்பு வரும். டம்ளரோடு உள்ளே போய்விடுவாள்.

ரசனை என்பது சொறி மாதிரி, ஓரிடத்தோடு நிற்காது. நமது ஊரையும் அதே மாதிரி ஒரு படம் போட்டு எதிர்ச் சுவரில் மாட்ட வேண்டும் என்று பஞ்சநதத்துக்கு ஆசை வந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து டிராயிங் மாஸ்டர் ஜெக்கரியா வரவழைக்கப்பட்டார். பள்ளிக்கூடத்தில் பூச்சாடியும் கத்தரிக்காயும் போடக் கற்றுக்கொடுப்பவர். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும் ஒரே ரோஸ் நிறத்தில் கன்னம் போட்டுக்கொடுப்பவர். ஹாலந்துப் படத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சாயம் நல்ல சாயம்," என்றார் கடைசியில்.

"நம்ம ஊரு. அதே அமைதி. சாதாரண ஜனம்," என்றார் பஞ்சநதம்.

ஜெக்கரியா முதலில் மேலத்தெருவுக்குத்தான் போனார். பண்ணை வீடும் பங்காளிகள் வீடுகளும் இருக்கிற தெரு. அங்கே அமைதி ஏராளம், ஆனால் ஜனம் இல்லை. சாத்திய கதவுகள், ஒரு கோயில் காளை, அதன் சாணி. இந்த வீடுகளில் பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து தைப்பது நடக்கிற காரியமா? திரும்பி நடந்து வாய்க்காலைத் தாண்டினார். தெருவுக்குத் தென்புறத்துப் புளியமரத்தடியில் பலகையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தவர், தெற்குத் தெருவைப் போட ஆரம்பித்துவிட்டார்.

பாதிப் படத்தைப் பார்த்த பஞ்சநதத்துக்குச் சுருக்கென்றது. "இதையா?"

"ஹாலந்துக்காரன் ராஜா வீட்டையா போட்டிருக்கான்? விரிசல் விட்ட வீடுதானேங்க. அதான் கலைன்னு நீங்கதான் சொன்னீங்க."

தான் விரித்த பாயில் தானே படுக்க வேண்டியதாயிற்று. சம்மதித்தார், சில திருத்தங்களோடு. தென்னை வேண்டாம், அங்கே ஏது தென்னை? தண்ணீர்க் கொப்பரையைப் பீப்பாயாக்கு. வானத்தில் மேகம் நிறைய இருக்கட்டும். அந்தப் பீப்பாயின் மேல் குனிந்திருந்த தெற்குத் தெருக்காரி காத்தாயி தலையில் கட்டியிருந்த பழந்துணியை ஜெக்கரியா தானாகவே வெளுத்து, ஹாலந்துக்காரி குல்லாய் மாதிரி ஆக்கிவிட்டார். படம் முடிந்தபோது தஞ்சாவூர் ஜில்லாவும் ஹாலந்தும் சரிபாதி கலந்த ஒரு தேசம் அதில் இருந்தது. அதற்கு எந்தக் கப்பலும் போகாது.

சாயம் காய்வதற்காகப் படத்தைக் கொல்லைத் தாழ்வாரத்தில் சாய்த்துவைத்திருந்தார்கள். மாட்டுக்கொட்டகை கூட்ட வந்த காத்தாயி சாணிக் கூடையை இறக்கிவிட்டு அதன் முன் நின்றாள். காத்தாயிக்கு அம்சவல்லியின் வயதுதான் இருக்கும். அவள் புருஷன் காத்தான் விவசாயச் சங்கத்துக்காரன். பஞ்சநதத்தை 'ஆண்டே' என்று கூப்பிடுவதை அவன் விட்ட நாளிலிருந்து தெற்குத் தெருவே 'ஐயா'வுக்கு மாறியிருந்தது.

"இது யாரு, நானா?" என்றாள் காத்தாயி.

"நீதான்."

"மூஞ்சியக் காணோம்?"

"குனிஞ்சிருக்கியே."

"ஒரு வாரமா ஒக்காந்திருந்தாரு அந்த பாயி. நான் நிமிந்தே நிக்கலையா? நடுவுல ஒருக்கா அவரப் பாத்துச் சிரிச்சேன்கூட. குனிஞ்சப்பதான் போடணுமா?" காத்தாயி இன்னும் கிட்டப் போனாள். "என்னை வெள்ளைக்காரச்சி ஆக்கிட்டாரு, சொவத்துல நான் தட்டுன வரட்டிய மட்டும் அப்புடியே வுட்டுட்டாரு. அது வேணும்போல, அடுப்பெரிக்க."

அம்சவல்லி சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சிரிக்கிற சத்தம் கொல்லைப்புறத்தில் மட்டும்தான் கேட்கும்.

"மேல ஜன்னல்ல இருக்கறது நீங்கதானம்மா?"

"எங்க?"

காத்தாயி தொடாமல் விரலை நீட்டினாள். கூரைகளுக்குப் பின்னால், மரங்களுக்கு மேலே, பண்ணை வீட்டின் மாடி சின்னதாக எட்டிப் பார்த்தது. அதில் கறுப்பாக ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் கடுகுப் பொட்டு அளவில் மஞ்சள்.

அம்சவல்லி படத்துக்கு இன்னும் கிட்டக் குனிந்தாள். வற்றல் காயப்போடுகிற சாக்கில் அவள் தினமும் மத்தியானம் அந்த ஜன்னலில் நிற்பாள். தெற்குத் தெருவைப் பார்ப்பாள். அங்கே ஒன்றும் நடக்காது. ஒருத்தி பேன் பார்ப்பாள், ஒருத்தி புருஷனைத் திட்டிக்கொண்டே முறம் புடைப்பாள், ஒரு கிழவன் காளியம்மாள் கிழவி வீட்டுக் கோழியை விரட்டுவான். அந்த ஒன்றுமில்லாததில்தான் அவளுடைய பகல் ஓடிக்கொண்டிருந்தது. அது அவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தாள்.

"நான் நிக்கறது உனக்குத் தெரியுமா?"

"நல்லா கேட்டீங்க. தெருவுக்கே தெரியும். ஒரு நாளு நிக்கலைன்னா, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல போலன்னு பேசிக்குவோம். போன ஐப்பசியில நீங்க நாலஞ்சு நாளு வரல. காளியம்மா கெழவி மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டா. ஒரு தேங்கா கடன் இருக்கு ஒங்க பேருல."

போன ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல். வீட்டில் யாரும் கேட்கவில்லை. ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று மட்டும் கணவர் சொன்னது ஞாபகம் வந்தது.

படம் எதிர்ச் சுவருக்குப் போயிற்று. கணவர் அந்த மஞ்சள் பொட்டைப் பார்க்கவே இல்லை. சட்டத்தின் கீழே ஓர் ஓரத்தில் 'ஜெக்கரியா, திரு.பூண்டி' என்று கையெழுத்து இருந்தது. அதையும் பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் அவருக்கு அது தெற்குத் தெரு என்பதே மறந்து, கலை என்ற ஒரே சரக்காகிவிட்டது.

விசாரணைத் தேதி தெரிந்ததும் வேலைகள் மளமளவென்று நடந்தன. காத்தான் பேரில் நெல் திருட்டு என்று ஒரு வழக்கு எங்கிருந்தோ முளைத்து, அவனை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனது. மற்றவர்களிடம் கோவிந்தராசு நேரில் வந்து பேசினார்.

"ஒரு வாரம் ஆத்துப் படுகையில போயி இருங்க. அதிகாரி வந்து போனதும் திரும்ப வந்துரலாம். ஐயா உங்கள விட்ருவாரா? நான் இருக்கேன்ல?"

அவர் இருப்பதுதான் பயம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் காத்தான் உள்ளே இருக்கிறான், அறுவடை வரப்போகிறது. கீற்றைப் பிரித்தார்கள். மூங்கிலை உருவினார்கள். மண்சுவர்களை இடித்து நிரவி, அடுப்புக் குழிகளை மூடி, நாலு ஜோடி மாட்டை விட்டு மிதிக்கவைத்து, மேலே சாணி மெழுகினார்கள். நடுவில் ஒரு வைக்கோல் போர். நூறு வருஷமாக அங்கே நெல் மட்டுமே அடித்த மாதிரி ஒரு களம் ஒரே நாளில் தயாராகிவிட்டது. மெழுகினவர்களும் அங்கே குடியிருந்த பெண்கள்தான். வேறு யாருக்கு அவ்வளவு சுத்தமாக வரும்?

அம்சவல்லி ஜன்னலில் நின்றிருந்தாள். காத்தாயி தன் வீட்டுக் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் போனாள். பாதி வழியில் நின்று, கதவோடு சேர்ந்து மெல்லத் திரும்பி, மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

அம்சவல்லி சட்டென்று சுவருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றபோது ஒரு நினைப்பு வந்தது, அதற்குப் பிறகு அது போகவே இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை போல என்று இப்போது பேசிக்கொள்வார்கள். தலையில் கதவைத் தூக்கிக்கொண்டு படுகைக்குப் போகிறபோதும் பேசிக்கொள்வார்கள்.

மறுநாள் அதிகாரி குஞ்சிதபாதம் ஜீப்பில் வந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்தது. அவரைப் பற்றிக் கோவிந்தராசு முன்னமே துப்புத் துலக்கி வைத்திருந்தார். "ஆளு கை நீட்டமாட்டான்ணே. காப்பி குடிப்பான். படம்னா மட்டும் உசுரு. வீட்டுச் செவுரு பூரா காலண்டர் படத்த வெட்டி ஒட்டி வெச்சிருக்கானாம்."

பஞ்சநதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வட்டாரத்தில் எந்த மிராசுதாரரிடம் ஹாலந்துப் படம் இருக்கிறது? காலையிலேயே கூடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, சட்டங்களைத் துடைக்கச் சொன்னார். இரண்டு சட்டங்களையும். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்க்கப் புறப்பட்டவர், அந்தப் பூனைக்குப் பொட்டும் வைத்துவிட்டார். துடைத்தவள் அம்சவல்லி. இரண்டாவது படத்தில் இருப்பது எந்தத் தெரு என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

குஞ்சிதபாதம் களத்தைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். வந்தவர் நேரே ஹாலந்துப் படத்தின் முன்னால் போய் நின்றார்.

"இதுல என்ன நடக்குது?" என்று ஆரம்பித்தார் பஞ்சநதம்.

அதிகாரி சட்டைப் பைக்குள் கையை விட்டார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார். இப்படி ஒரு ரசிகரைப் பஞ்சநதம் எதிர்பார்த்திருக்கவில்லை. 'ஒண்ணுமே நடக்கல' வரை வந்த பிரசங்கம் அந்தரத்தில் நின்றது.

"அந்தச் செவுத்து விரிசல அடைச்சிருக்கான் பாருங்க," என்றார் அதிகாரி தனக்குள் பேசிக்கொள்வது போல. "குடியிருக்கிற வீடுன்னு அதுலயே தெரிஞ்சுபோகுது."

பிறகு, ரசிகர்கள் எல்லோரும் செய்வது போல, அடுத்த படத்துக்குத் திரும்பினார்.

பஞ்சநதத்தின் முகம் அப்போதுதான் மாறியது. அந்தச் சுவரில் தான் மாட்டியிருப்பது என்ன என்பது எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"இது?"

"இதுவும் ஹாலந்துதாங்க," என்றார் பஞ்சநதம்.

"ஜோடிப் படம் சார்," என்றார் கோவிந்தராசு. "ஒண்ணு வாங்கினா ஒண்ணு."

குஞ்சிதபாதம் குனிந்து பார்த்தார். மேகம் இருந்தது. பீப்பாய் இருந்தது. வெள்ளைக் குல்லாய் போட்ட ஒருத்தி பீப்பாயின் மேல் குனிந்திருந்தாள்.

"அங்கேயும் கூரை வீடு உண்டா?"

"நெறைய. நான் கண்ணால பாத்தேனே."

"செவுத்துல வரட்டி தட்டுவாங்களா?"

பஞ்சநதம் கோவிந்தராசைப் பார்த்தார்.

"மாடு ஜாஸ்தி சார் அந்த ஊர்ல," என்றார் கோவிந்தராசு. "பாலுக்கே பேர் போன தேசம். பால் இருந்தா சாணி இருக்கும்ல?"

அதிகாரி சிரிக்கவில்லை. நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். நம்பிவிட்டாரா இல்லையா என்று சொல்ல முடியாத முகம். அவரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். ஒன்றியச் செயலாளர் நினைத்தால் நாளைக்கே கோடியக்கரைக்குப் பறவை எண்ணப் போக வேண்டியிருக்கும். அவர் எதையும் தானாகக் கண்டுபிடிக்க விரும்பவில்லை. யாராவது சொன்னால் எழுதிக்கொள்ளலாம்.

"பட்டா அம்மா பேர்லதானே?" என்றார். "அவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

அம்சவல்லி காப்பித் தட்டோடு கதவிடுக்கிலிருந்து கூடத்துக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் ஆண்கள் உட்கார்ந்திருக்கிற கூடத்தின் நடுவுக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை. சட்டம் ஒரு பெண்ணுக்கு எவ்வளவோ செய்கிறது.

"சொல்லு அம்சா," என்றார் கணவர். குரலில் கனிவு வழிந்தது. "படம் ஹாலந்துல வாங்கினது. நிலம் எப்பவும் களந்தான். குடி எப்பவும் கிடையாது. இவ கொஞ்சம் கூச்சப்படுவா சார். சொல்லு."

அவள் டம்ளரை அதிகாரியின் முன்னால் வைத்தாள். நிமிர்ந்தபோது படம் எதிரே இருந்தது. காத்தாயி குனிந்திருந்தாள், எப்போதும் போல. கூரைகளுக்கு மேலே அந்தக் கறுப்பு ஜன்னலும் உள்ளே கடுகு அளவு மஞ்சளும் இருந்தன. காலையில் ஈரத் துணியால் துடைத்தபோது அந்த இடத்தில் மட்டும் அழுத்தாமல் துடைத்திருந்தாள்.

இது ஹாலந்து என்றால் அந்த ஜன்னல் எங்கே இருக்கிறது? தெரு இல்லையென்றால் அங்கே நிற்கிறவள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்? இருபது வருஷமாகத் தினமும் ஒரு வைக்கோல் போரையா? அந்த ஐப்பசியில் ஒரு தேங்காயை வேண்டிக்கொண்டது யார், போரா?

மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. இந்த ஊஞ்சல், இந்தச் சமையலறை, இன்று ராத்திரி இந்த முகம், நாளையும் இந்த முகம். போக வேறு வீடு கிடையாது. அப்பா வீட்டில் இப்போது அண்ணன் மனைவிதான் எல்லாம். பயம் இருந்தது. அது வயிற்றில் இருந்தது, வழக்கமான இடத்தில். ஆனால் சுவருக்குப் பின்னால் ஒதுங்கின அந்த நிமிஷம் அதைவிட மோசமாக இருந்தது, அது இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றார் குஞ்சிதபாதம், "நீங்க சொல்றதத்தான் எழுதப்போறேன்."

"சொல்லு அம்சா. 'எப்பவும்'னு சொல்லிட்டு உள்ள போ."

அவள் காலித் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். உள்ளே போகவில்லை.

"இல்லைங்க," என்றாள் கணவரிடம், ரசத்துக்கு உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரலில். "'எப்பவும்'னு ரெண்டு தடவை சொல்லச் சொன்னீங்க. ஒரு தடவைகூட நான் சொல்றதுக்கில்லை."